பன்னிரண்டாவது இடம்

டெல்வின், கான்சாஸ்
நவம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

வெர்னன் எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. கண் அறுவைக்குப் பிறகு வெளிச்சம் கூசுகிறது என்று எழுதியிருந்தாயே, இப்போது பரவாயில்லையா? உனக்காகப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். பக்கத்தில் உட்காரும் சகோதரிகள் எட்டிப் படித்துவிட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

நீ காத்திருந்த செய்தி. இந்தப் பருவத்தின் முதல் தரவரிசைப் பட்டியல் நேற்று மாலை வந்துவிட்டது. நாம் பதினைந்தாம் இடம்! ஒன்பது ஆட்டத்தில் எட்டு வெற்றி. நீ மடத்துக்குள் போன வருஷம்தான் நான் இந்த அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ஃபிசியோவாக வந்தேன். இருபத்தேழு வருஷத்தில் நம் கல்லூரியின் பெயர் அந்தப் பட்டியலில் வந்து நான் பார்த்ததில்லை.

இப்போதைய முறை உனக்குத் தெரியாது. பதின்மூன்று பேர் கொண்ட குழு ஒன்று ஒவ்வொரு செவ்வாயும் கூடி அணிகளை வரிசைப்படுத்துகிறது. டிசம்பர் எட்டாம் தேதி கடைசிப் பட்டியல். தேசியக் கோப்பைக்கான பிளே-ஆஃபுக்குப் போவது பன்னிரண்டு அணிகள். பதினோரு இடம் பெரிய லீக்குகளுக்கே போய்விடும். மிச்சமுள்ள பன்னிரண்டாவது இடம், நம்மைப் போன்ற சின்ன லீக்குகளில் கோப்பை வாங்கியவர்களில் சிறந்த ஓர் அணிக்கு. இப்போது நமக்கு ஒரு படி மேலே இன்னொரு சின்ன லீக்கின் ஹேஸ்ப்ரூக் கல்லூரி நிற்கிறது. ஆக நாம் ஜெயித்தால் மட்டும் போதாது, அவர்கள் எங்காவது தோற்கவும் வேண்டும்.

எல்லாம் எமெட் க்ரோகரின் கையில் இருக்கிறது. குவாட்டர்பேக். பந்தை எறிவது அவன் வேலை, எறிவதற்குள் அவனைச் சாய்ப்பது எதிரணியின் வேலை. இருபத்தொரு வயது, கோதுமை விவசாயி வீட்டுப் பையன். அப்பா இல்லை. அம்மா நடீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். தினமும் காலையில் கணுக்காலுக்குப் பட்டை சுற்றிக்கொள்ள என்னிடம் வருவான். ஒரு வாழைப்பழத்தை என்னிடம் கொடுத்துவிட்டு இன்னொன்றைத் தின்றுகொண்டே ஓயாமல் பேசுவான். நேற்று பட்டியல் வந்ததும், "சார், பதினஞ்சுங்கறது பதினாலுக்குப் பக்கத்துலதானே இருக்கு?" என்றான். கணக்கில் அவன் எப்போதும் இப்படித்தான்.

எங்களுக்காக ஒரு செபம் சொல்.

உன் தம்பி,
வெர்னன்

•

தூய சூசையப்பர் கன்னியர் மடம், அயோவா
நவம்பர் 11

இயேசுவுக்கே புகழ்!

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. கூச்சம் குறைந்துவிட்டது. இந்த வயதுக்கு இந்தக் கண்ணே அதிகம். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா, அல்லது ஊராரின் முழங்காலைத்தான் கவனிக்கிறாயா?

உன் பட்டியலை மாலைப் பொழுதுபோக்கு நேரத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். தலைவி அம்மா அனுமதித்தார். ஆனால் ஒரு சங்கடம். எண்பத்தாறு வயது சிஸ்டர் கெர்ட்ரூடின் பேரப்பிள்ளைகள் ஹேஸ்ப்ரூக்கில் படிக்கிறார்களாம், அவருடைய தம்பியின் பேரர்கள். "பெனெடிக்டா, நீ உன் பக்கம் கேளு, நான் என் பக்கம் கேக்கறேன். ஆண்டவர் பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கோயிலில் என்னைவிடப் பத்து நிமிடம் அதிகமாக முழந்தாளில் நிற்கிறார். நான் விடுவேனா? இரவு உணவில் எனக்கு வரும் இனிப்பை உங்கள் வெற்றிக்காக விட்டுவிட்டேன்.

சிரித்துக்கொள். களஞ்சியத்துக்குப் பின்னால் உன்னோடு பந்து எறிந்து விளையாடிய டோலரஸ், பெயர் பெனெடிக்டா என்று மாறினாலும், இன்னும் இந்தத் துறவு உடைக்குள்தான் இருக்கிறாள்.

ஒன்றை நினைவில் வை. டிசம்பர் முதல் தேதி திருவருகைக் காலம் தொடங்குகிறது. அன்றிலிருந்து கிறிஸ்து பிறப்பு வரை கடிதம் எழுதுவதும் இல்லை, வருவதைக் கையில் தருவதும் இல்லை. உன் கடைசிப் பட்டியல் அந்த மௌனத்தின் நடுவில்தான் வரப்போகிறது. சொல்லவேண்டியதை அதற்குள் சொல்லிவிடு.

உன்னையும் எமெட்டையும் செபத்தில் வைத்திருக்கும்
அக்கா

•

டெல்வின்
நவம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தான். இங்கே உறைபனி தொடங்கிவிட்டது. அங்கே உங்கள் அறைகளில் கணப்பு வேலை செய்கிறதா?

சிஸ்டர் கெர்ட்ரூடிடம் மெதுவாகச் சொல்: ஹேஸ்ப்ரூக் தோற்றுவிட்டது! சனிக்கிழமை நாம் 31-20 என்று ஜெயித்த அதே நேரத்தில், ஒன்றுக்கும் உதவாத ஓர் அணியிடம் அவர்கள் கடைசி நிமிடத்தில் கோட்டை விட்டார்கள். மைதானத்தின் பெரிய திரையில் அந்த ஸ்கோரைப் போட்டபோது இருபதாயிரம் பேரும் ஒரே குரலாகக் கத்தினார்கள். நேற்றைய பட்டியலில் நாம் பதின்மூன்று, அவர்கள் பதினேழு. முடிவெட்டுகிறவர் என்னிடம் காசு வாங்க மறுத்துவிட்டார். நான் என்னவோ பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடிப்போய் டச்டவுன் அடித்தது மாதிரி.

இனி இரண்டு ஆட்டம், அதன் பிறகு லீக்கின் இறுதி ஆட்டம். அவ்வளவுதான்.

சனிக்கிழமை ஆட்டத்தின் மூன்றாம் பகுதியில் எமெட்டுக்கு ஓர் அடி பட்டது. பக்கவாட்டில் வந்து ஒருவன் மோதினான். எமெட் உடனே எழுந்தான். எழுந்தவன் நேராக எதிரணிக்காரர்கள் கூடி நின்ற இடத்துக்குப் போய் அவர்களோடு குனிந்து நின்றான். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். நான் அவனை வெளியே எடுத்துவிட்டேன். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கோர் என்ன என்று கேட்டான், சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டான். விதிப்படி இந்த வாரம் ஓய்வு. கவலைப்பட ஒன்றுமில்லை.

நடீன் என் அறைக்கு ஒரு தட்டு நிறைய இலவங்கப்பட்டை ரொட்டி கொண்டுவந்து வைத்தாள். நீ விட்டுக்கொடுத்த இனிப்பையும் சேர்த்து நானே தின்றேன்.

அன்புடன்,
வெர்னன்

•

தூய சூசையப்பர் மடம்
நவம்பர் 23

இயேசுவுக்கே புகழ்!

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். சிஸ்டர் கெர்ட்ரூட் செய்தியைக் கேட்டு, "சரி, அடுத்த வருஷம்" என்றார். அடுத்த வருஷத்தின் மேல் அவருக்குள்ள நம்பிக்கை எனக்கில்லை.

எமெட் எத்தனை தடவை ஸ்கோர் கேட்டான்?

அப்பா டிராக்டரிலிருந்து விழுந்த அன்று உனக்கு ஒன்பது வயது. ஆனாலும் நினைவிருக்கும். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்கு என்ன சமையல்?" என்று அம்மாவிடம் ஐந்து தடவை கேட்டார். நாமும் சிரித்தோம். மறுநாளே அறுவடை இயந்திரத்தில் ஏறினார், மழை வருவதற்குள் முடிக்கவேண்டும் என்று. அந்த வாரத்திலேயே மறுபடி விழுந்தார். அதற்குப் பிறகு நம் வீட்டில் இருந்தவர் வேறு ஒருவர்.

அந்தப் பையனுக்கு வெளிச்சம் கூசுகிறதா, தூங்குகிறானா, பேச்சு எப்படி இருக்கிறது? எதுவும் நீ எழுதவில்லை. உன் தொழில் எனக்குத் தெரியாது. உன்னைத் தெரியும். கவலைப்பட ஒன்றுமில்லை என்று நீ எழுதினால் எனக்குக் கவலை வந்துவிடுகிறது.

உடனே பதில் எழுது.

அக்கா

•

டெல்வின்
நவம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. நாளை நன்றித் திருநாள். உங்கள் மடத்தில் வான்கோழி உண்டா, அல்லது அன்றும் சூப்புதானா?

சனிக்கிழமை ஆட்டத்தில் எமெட்டுக்குப் பதிலாக ஹோல்டன் என்ற இரண்டாம் வருஷப் பையன் ஆடினான். 17-16. ஜெயித்தோம், ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை. ஹேஸ்ப்ரூக் அன்றைக்கு முப்பத்தெட்டுப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. நேற்றைய பட்டியலில் அவர்கள் பதினைந்து, நாம் பதினாறு. ஜெயித்துக் கீழே இறங்குவது எப்படி இருக்கும் என்று நேற்றுதான் தெரிந்தது. கடையில், வங்கியில், பெட்ரோல் பங்கில், எங்கே போனாலும் ஒரே பேச்சு: வரும் சனிக்கிழமை ஜெயிக்கவேண்டும், பெரிதாக ஜெயிக்கவேண்டும்.

திங்கள்கிழமை கல்லூரித் தலைவர் என் அறைக்கு வந்தார். இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவை. என் முழங்காலைப் பற்றி விசாரித்தார். சுவரிலிருந்த படங்களைப் பார்த்தார். வேறெதுவும் கேட்காமல் போய்விட்டார்.

கோச் ப்ரூவிட் தினமும் வாசலில் வந்து நிற்கிறார். "வெர்ன், எனக்கு ஆமா, இல்ல, ஒரு வார்த்தை போதும்" என்கிறார்.

எமெட் நன்றாக இருப்பதாகச் சொல்கிறான். அறைக்குள்ளும் தொப்பியைக் கண்வரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறான். வாழைப்பழம் கொண்டுவருவதை நிறுத்திவிட்டான். "தலைவலி போயிடுச்சு சார், சத்தியமா" என்கிறான். நாளைக் காலை பரிசோதனை. மதியம் நடீன் வீட்டில் சாப்பாடு, என்னையும் கூப்பிட்டிருக்கிறாள்.

குளிர் கடுமை. போர்த்திக்கொள்.

வெர்னன்

•

தூய சூசையப்பர் மடம்
நவம்பர் 30, சனிக்கிழமை, நண்பகல்

வெர்னன்,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. மாலைச் செபத்தோடு எங்கள் மௌனம் தொடங்கிவிடும். மதியத் தபாலில் இதைச் சேர்க்கவேண்டும்.

அப்பாவைப் பற்றி எழுதினேன். நீ வான்கோழியைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

அவனை ஆடவிடாதே. கோச் ஒரு வார்த்தைதான் கேட்கிறார், அந்த வார்த்தை "இல்லை." ஊரே உன்னைத் திட்டட்டும், திட்டிவிட்டுப் போகட்டும்.

மணி அடித்துவிட்டது.

அக்கா

•

டெல்வின்
டிசம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இதை நீ கிறிஸ்துமஸ் வரை படிக்கமாட்டாய். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலை எமெட்டுக்குப் பரிசோதனை செய்தேன். பத்துச் சொற்களைப் படித்துக்காட்டி, பத்து நிமிடம் வேறு வேலை கொடுத்து, பிறகு திருப்பிச் சொல்லச் சொல்லவேண்டும். நான்கு சொன்னான். வாளி, எலுமிச்சை, பாலம், சேணம். அதற்குமேல் வரவில்லை. என் முகத்தைப் பார்த்தான். "சார், நாளைக்கு இன்னொரு தடவை பாக்கலாமா?" என்றான். சரி என்றேன்.

அன்று மதியம் நடீன் வீட்டுக்குப் போனேன். அவள் மேசையில் உட்கார்ந்து, அவள் கையால் பரிமாறியதைச் சாப்பிட்டேன். "பையன் எப்படி இருக்கான், வெர்னன்?" என்று கேட்டாள். தட்டைப் பார்த்துக்கொண்டு, "தேறிட்டு வர்றான்" என்றேன். எமெட் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் விளக்கில்லாத அறையில் படுத்துக்கொண்டான். அவள் அவனுக்காக ஒரு துண்டு பூசணி இனிப்பை மூடிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை மறுபடி பரிசோதனை. என் மேசை இழுப்பறையில் ஆறு சொற்பட்டியல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் வேறொன்றை எடுக்கவேண்டும். அதற்காகத்தான் ஆறு. நான் வியாழக்கிழமை படித்த அதே தாளை எடுத்தேன். கை தவறி எடுக்கவில்லை, அக்கா. பார்த்து எடுத்தேன். அவன் முந்தினநாள் முழுக்க அந்தச் சொற்களை மனப்பாடம் செய்திருந்தான். ஒன்பது சொன்னான். வியாழக்கிழமைத் தாளைக் கிழித்தேன். வெள்ளிக்கிழமைத் தாளை அணியின் டாக்டரிடம் கொடுத்தேன். அதைப் பார்த்துத்தான் எமெட் ஆடலாம் என்று அவர் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை அற்புதமாக ஆடினான். மூன்றாம் பகுதி முடிவில் 38-10. ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. "கோச், பையனை எடுத்துடலாமா?" என்று கேட்டேன். "இன்னும் ஒரு டச்டவுன், வெர்ன். பட்டியல் போடறவங்க ஸ்கோரைப் பாப்பாங்க" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கும் அந்த இன்னொன்று வேண்டியிருந்தது.

பெரிய அடிகூட இல்லை. எறிந்துவிட்டுக் கீழே விழுந்தான், எழுந்தான். டச்டவுன். அவனே நடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். "சார், ஹெல்மெட்டைக் கழட்டுங்க, கனமா இருக்கு" என்றான். கழற்றினேன். என் மேல் சாய்ந்தான்.

நடீன் மேல்வரிசையிலிருந்து எப்படி இறங்கினாள் என்று தெரியவில்லை. தடுப்பைத் தாண்டிக் குதித்திருக்கிறாள். கையெல்லாம் சிராய்ப்பு.

மண்டையைத் திறந்து அறுவை செய்திருக்கிறார்கள். இன்னும் கண் விழிக்கவில்லை.

45-10.

வெர்னன்

•

டெல்வின்
டிசம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடைசிக் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

எமெட் கண் விழிக்கவில்லை. விரலைக் கிள்ளினால் கையை இழுத்துக்கொள்கிறான். டாக்டர்கள் அதை நல்ல அறிகுறி என்கிறார்கள்.

சனிக்கிழமை லீக்கின் இறுதி ஆட்டம். பையன்கள் ஹெல்மெட்டில் எமெட்டின் எண்ணை ஒட்டிக்கொண்டு ஆடினார்கள். ஹோல்டன் அழுதுகொண்டே எறிந்தான் என்றார்கள். 13-9. கோப்பை நமக்கு. ஹேஸ்ப்ரூக்கும் அவர்கள் லீக்கில் கோப்பை வாங்கியது.

நேற்று கடைசிப் பட்டியல். மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. நடீன் ஒரு மூலையில், நான் ஒரு மூலையில். பன்னிரண்டாவது இடத்துக்கு ஹேஸ்ப்ரூக்கின் பெயரைச் சொன்னார்கள். இரண்டு அணிகளில் எங்களுக்குத்தான் தோல்வி குறைவு. பிறகு ஏன் என்று நிருபர் கேட்டதற்கு, குழுத் தலைவர் மிகவும் வருத்தத்தோடு, மரியாதையோடு பதில் சொன்னார்: "அந்த இளைஞன் குணமாக எல்லோரும் வேண்டுகிறோம். ஆனால் அவன் இல்லாத டெல்வின், அந்த டெல்வின் அல்ல."

அவனை எதற்காக உள்ளே அனுப்பினோமோ, அவன் விழுந்ததால் அதுவும் போயிற்று. இதை நூறு தடவை எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

நடீன் எழுந்து தொலைக்காட்சியை அணைத்தாள். "நல்லவேளை, அவன் இதைப் பாக்கல" என்றாள். என் பக்கம் திரும்பி, "நீங்க வீட்டுக்குப் போய்த் தூங்குங்க, வெர்னன். ஒரு வாரமா இங்கதான் கெடக்கறீங்க. உங்க மாதிரி யாரும் அவனைப் பாத்துக்கிட்டதில்ல" என்றாள்.

கல்லூரியில் விசாரணை நடந்தது. என் தாள்களைக் கேட்டார்கள், கொடுத்தேன். பத்துக்கு ஒன்பது. எல்லாம் முறைப்படி நடந்திருப்பதாக எழுதிக் கையெழுத்திட்டார்கள். யாரும் என்னை வேறெதுவும் கேட்கவில்லை.

வெர்னன்

•

தூய சூசையப்பர் மடம்
டிசம்பர் 26

அன்புத் தம்பிக்கு,

பாலன் பிறந்த நாளின் ஆசீர்.

நேற்று விடியற்காலைத் திருப்பலிக்குப் பிறகு தலைவி அம்மா கடிதக்கட்டைக் கொடுத்தார். உன்னுடையவை இரண்டு. ஜெயித்தீர்களா என்று பார்க்கும் ஆசையில், எல்லோர் நடுவிலும் நின்றபடியே முதலாவதைப் பிரித்தேன். சிஸ்டர் கெர்ட்ரூட் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

உனக்கு ஆறுதல் எழுதவேண்டும் என்றுதான் நேற்று முழுக்க முயன்றேன். வரவில்லை. அதற்குமுன் நான் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது.

எங்கள் வாயில் அறையில் ஒரு தொலைபேசி உண்டு. உயிர்போகும் அவசரத்துக்கு அனுமதி கேட்டுப் பேசலாம். நவம்பர் முப்பதாம் தேதி நண்பகலில் உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆட்டம் இரண்டரை மணிக்கு. தலைவி அம்மா பக்கத்து அறையில்தான் இருந்தார். ஓர் உறையை எடுத்து, மூன்று நாள் கழித்துப் போய்ச்சேரும் கடிதம் ஒன்றை எழுதினேன். மணி அடித்தது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மணி காரணமில்லை, வெர்னன். எனக்கும் அந்த வெற்றி வேண்டியிருந்தது. கடிதமும் எழுதிவிட்டேன், நீங்களும் ஜெயித்துவிடவேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கேட்டேன். அன்று மாலைச் செபத்தில் ஸ்கோர் என்னவாக இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே நான் உன்னைவிட நல்லவள் என்று நினைத்து என்னிடம் அழாதே. நான் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவும் அல்ல. நீ சொல்லவேண்டிய ஆள் நடீன். அவள் உன்னை நல்லவன் என்று நம்பி நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த நன்றியை வாங்கிக்கொண்டே இருப்பது, அந்தத் தாளை எடுத்ததைவிட மோசம்.

போ. அவள் என்ன செய்தாலும் நின்று வாங்கிக்கொள்.

எமெட் கண் விழித்தானா? எழுது.

அக்கா

•

விச்சிட்டா, கான்சாஸ்
பிப்ரவரி 23

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதமாகப் பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். தவக்காலம் தொடங்கி உங்கள் கதவு மறுபடி மூடுமுன் இது உனக்குக் கிடைக்கவேண்டும். உடம்பு பரவாயில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

எமெட் புத்தாண்டுக்கு முந்தினநாள் கண் விழித்தான். இப்போது விச்சிட்டாவில் ஒரு மறுவாழ்வு நிலையத்தில் இருக்கிறான். வலது கை எழவில்லை. பேசுகிறான், மெதுவாக. பழையது எல்லாம் நினைவிருக்கிறது. புதிதாக எதுவும் தங்குவதில்லை. காலையில் யார் வந்தார்கள் என்று மதியம் தெரியாது.

நான் ஜனவரி பதினொன்றாம் தேதிதான் நடீனிடம் போனேன். அதற்குமுன் மூன்று முறை வாகனம் நிறுத்துமிடம் வரை வந்து திரும்பிவிட்டேன். அவள் நிலையத்தின் உணவறையில் சூப்பில் பிஸ்கட்டை உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு சொற்கள், அதே தாள், டாக்டர், எல்லாம். நன்றித் திருநாளன்று அவள் மேசையில் உட்கார்ந்து நான் எதை மறைத்தேன் என்பதையும்.

கேட்டு முடித்துவிட்டு, "மொத்தம் ஆறு தாளா?" என்றாள்.

"ஆமா."

"மத்த அஞ்சும் எங்க இருந்துச்சு?"

"அதே டிராயர்ல."

"எவ்வளவு தூரத்துல?"

"கை எட்டற தூரம், நடீன்."

கரண்டியை வைத்தாள். "எந்திரிச்சுப் போங்க" என்றாள். போனேன்.

மறுநாள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "நேத்து சொன்னதையெல்லாம் எழுதிக் குடுங்க. ஒண்ணு விடாம. கையெழுத்துப் போட்டு." எழுதிக் கொடுத்தேன். கல்லூரிக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். அந்த வாரமே வேலை போயிற்று. இனி எந்த அணியிலும் நான் ஃபிசியோவாக இருக்கமுடியாது, அது சரிதான். வழக்கு நடக்கும். கோச் ப்ரூவிட் என்னோடு பேசுவதில்லை. ஊரில் பாதிப் பேர் நான் செய்ததற்காகப் பேசுவதில்லை, பாதிப் பேர் அதைச் சொன்னதற்காகப் பேசுவதில்லை.

பிப்ரவரி தொடக்கத்தில் நடீன் மறுபடி கூப்பிட்டாள். "செவ்வாய்க்கெழம எங்கண்ணன் வர முடியாதாம். எமெட்டைத் தூக்கி நிறுத்தி நடக்க வைக்கணும். நர்ஸ் ஒருத்தியால முடியல. உங்களுக்கு அந்த வேலை தெரியும்ல?"

"தெரியும்."

"நான் மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க."

"நெனைக்கல."

"ரெண்டு மணிக்கு வாங்க."

அன்றிலிருந்து செவ்வாய்தோறும் போகிறேன். இங்கேயே ஓர் அறை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். அவன் இடுப்பில் பட்டையைக் கட்டி, என் தோளில் அவன் கையைப் போட்டு, சுவர் ஓரமாக இருபது அடி நடக்கிறோம். என்னை அடையாளம் தெரிகிறது. அவனுக்கு நான் இன்னும் கணுக்காலுக்குப் பட்டை சுற்றும் பழைய வெர்னன் சார்தான்.

உட்காரவைத்ததும் அவன் கேட்கும் முதல் கேள்வி, "சார், பட்டியல் வந்துடுச்சா?" என்பதுதான். எல்லோரையும் கேட்கிறான். நர்சுகள், மாமா, நடீன் எல்லோரும் "இன்னும் வரலப்பா" என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் சொன்னேன். போன செவ்வாய்க்கிழமை நடீனை வெளியே கூப்பிட்டு, "என்னால அவன்கிட்ட இன்னொரு பொய் சொல்ல முடியல" என்றேன். அவள் என்னைப் பார்க்காமல், "உங்களால முடியறதும் முடியாததும் எனக்கு எதுக்கு? அவன் அழுதா நீங்கதான் பாத்துக்கணும்" என்றாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசலிலேயே நின்றாள்.

உள்ளே போனேன். கேட்டான்.

"வந்துடுச்சு, எமெட். நம்மளை எடுக்கல."

"யாரை எடுத்தாங்க?"

"ஹேஸ்ப்ரூக்."

"நான் சரியா ஆடலையா, சார்?"

"நீ நல்லா ஆடினடா. உன்னைவிட நல்லா யாரும் ஆடல. உனக்குத் தலையில அடி பட்டிருந்துச்சு. அது தெரிஞ்சும் நான் உன்னை உள்ள அனுப்பினேன். தப்பு என்னோடது."

பிறகு இடது கையால் என் முழங்காலைத் தட்டி, "பரவால்ல, சார்" என்றான். தண்ணீர் கேட்டான். குடித்தான். ஜன்னலில் ஒரு லாரி போனதைப் பார்த்தான். திரும்பி, "சார், பட்டியல் வந்துடுச்சா?" என்றான்.

அன்று மாலைக்குள் நான்கு தடவை கேட்டான். நான்கு தடவையும் முதலிலிருந்து எல்லாம் சொன்னேன். மூன்று தடவை "பரவால்ல, சார்" என்றான். நான்காம் தடவை தன் வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதையே பார்த்தபடி இருந்தான். நடீன் உள்ளே வந்து விளக்கைப் போட்டபோதும் அவன் நிமிரவில்லை.

உன் தம்பி,
வெர்னன்